துணை நாற்காலி

நல்லசிவம் வீட்டில் கேஸ் தீர்ந்தால், புது சிலிண்டரை வாசலிலிருந்து சமையலறை வரை உருட்டிக்கொண்டு போவது அவர் மனைவி மேகலாதான். கார்களெல்லாம் தாமாக ஓடக் கற்றுக்கொண்டுவிட்ட காலம் இது. சிலிண்டர் மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. நல்லசிவத்துக்கு இடுப்புப் பிடிப்பு. அதே நல்லசிவம் வாரத்தில் ஐந்து நாள் காலையில் எழுந்து, கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஏசி போட்ட பயிற்சிக் கூடத்துக்குப் போய், சந்தா கட்டி, மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி மடக்கி நடப்பார். அப்போது இடுப்பு வாயைத் திறக்காது.

எல்லாம் எட்டுக்கட்டுப் போட்டிக்காக. பெரிய கண்காட்சி அரங்கு ஒன்றைப் பிடித்து அதற்குள்ளேயே நடத்துவார்கள். சுற்றி ஓடிவிட்டு வந்தால் ஒரு வேலை, மறுபடி ஓடினால் இன்னொரு வேலை. பாரம் ஏற்றிய இரும்புச் சட்டத்தைத் தரையில் தள்ள வேண்டும். பிறகு அதையே கயிறு கட்டி இழுக்க வேண்டும். குப்புற விழுந்து எழுந்து தாவ வேண்டும், மெஷினில் துடுப்புப் போட வேண்டும். இப்படி எட்டு. கடைசியில் கனமான ஒரு பந்தைச் சுவரில் உயரத்தில் எறிந்து பிடிக்க வேண்டும். வெயில் இல்லை, மழை இல்லை, தெருநாய் துரத்தாது. நாற்பதைத் தாண்டிய ஆபீஸ்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

நல்லசிவம் பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் மேலாளர். எட்டுக்கட்டை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவர் வெறி. இரண்டு வருடமாக அந்தப் பக்கமே போக முடியவில்லை. அதே கம்பெனியில் நிதிப் பிரிவில் இருக்கும் தங்கராசு, தொப்பையோடு, அதைச் செய்துவிட்டார். செய்துவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. ஆபீஸ் கேன்டீனில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டே அறிவுரை சொல்கிறார்.

“உங்க தசைக்கு ஒரு குறையும் இல்ல சார். உங்க மூளைதான் பயந்தாங்கொள்ளி” என்றாள் பயிற்சியாளர் ஷெர்லி.

நல்லசிவம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த வயதில் ஒரு பெண்ணிடம் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்றிருந்தது.

“களைப்புங்கறது பாதி தசையோட வேலையே இல்ல சார். எதுக்கு வம்புன்னு மூளை முன்கூட்டியே பிரேக் போடுது. இதைப் பாருங்க.” ஷெர்லி மேசை டிராயரிலிருந்து கைக்கடிகார வார்போல இரண்டு கறுப்புப் பட்டைகளை எடுத்தாள். “ஒண்ணு உங்க கையில, இன்னொண்ணு உங்க துணை கையில. உங்க களைப்பு உணர்ச்சியை இது எடுத்து அவங்களுக்கு அனுப்பிடும். நீங்க ஓடுவீங்க. அவங்க நாற்காலில உக்காந்து களைச்சுப் போவாங்க.”

“இன்னொருத்தர் எதுக்குங்க? எடுத்துத் தூரமா கடாசிட்டா ஆகாதா?”

“கடாசிப் பாத்தாங்க சார். எலி ஓடிக்கிட்டே இருந்துச்சு. நிக்கணும்னு அதுக்குத் தோணவே இல்ல. செத்துப் போச்சு. யாராவது ஒருத்தராவது ஐயோன்னு சொல்லணும். அதுக்குத்தான் துணை.”

எட்டுக்கட்டில் இப்போது இதற்கென்றே துணைப் பிரிவு வந்துவிட்டதாம். எல்லாம் விதிப்படி. பட்டை அடிக்கடி துணையிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கும். சரி என்று சொன்னால் அனுப்பும், முடியவில்லை என்றால் நிறுத்திவிடும்.

“துணைக்கு யாரை வேணா வச்சுக்கலாம் சார். வீட்ல சும்மா இருக்கற ஆள் யாராவது இருக்காங்களா?”

நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது. சும்மா இருப்பதையே உத்தியோகமாக வைத்திருக்கும் ஒருவர் அவர் வீட்டில் இருந்தார்.

மௌலி, மேகலாவின் தம்பி. முப்பது வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மேகலாவுக்குக் கட்டி வந்து மருந்து ஏற்றும் சிகிச்சை நடந்தபோது ஒத்தாசைக்கென்று வந்தவன், அவள் குணமான பிறகும் திரும்பிப் போகவில்லை. வேலையையும் விட்டுவிட்டான். கேட்டால் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பான். காலையில் எழுந்து சோபாவில் படுப்பான். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து சோபாவில் படுப்பான். அவன் படுத்துப் படுத்து அங்கே விழுந்திருந்த பள்ளத்துக்கு நல்லசிவம் ‘மௌலிக் குட்டை’ என்று பெயர் வைத்திருந்தார். வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொள்கிற பழக்கம் வேறு. ஏன் மாப்ள என்றால், தரை சில்லுன்னு இருக்குதுங்க மாமா என்பான். கோடையிலும் அதே பதில்தான்.

அக்காவோ நேர் எதிர். நோயிலிருந்து எழுந்து வந்த மேகலாவைப் பார்த்து டாக்டரே அசந்துபோனார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை, வீட்டு வேலை, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவும் வேகம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் சுறுசுறுப்பு மொத்தமும் ஒருத்திக்கே போய்விட்டது என்று நல்லசிவம் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். மௌலியும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

அன்று இரவு சாப்பாட்டின்போது நல்லசிவம் விஷயத்தை எடுத்தார். எடுத்த நேரம் சரியில்லை. அதற்குச் சற்று முன்புதான் மேகலா, “அரிசிம்பருப்புச் சோறு எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டு, அவர் “பரவால்ல” என்று சொல்லியிருந்தார்.

இந்தச் சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பரவாயில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நன்றாக இல்லை, ஆனால் சாப்பிட்டுத் தொலைக்கிறேன் என்றும் அர்த்தம். என் காலை மிதித்துவிட்டீர்கள், வலிக்கிறது, ஆனாலும் நீங்கள் வருத்தப்பட வேண்டாம் என்பதற்கும் அதேதான். எது எப்போது என்பதை இழுக்கிற இழுப்பில்தான் கண்டுபிடிக்க வேண்டும். நல்லசிவம் அன்று இழுத்த இழுப்பில் மேகலா நெய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“மௌலி என்ன கழுதையா, உங்க மூட்டையைச் சுமக்கறதுக்கு?” என்றாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

“மூட்டையை நான்தான் சுமக்கறேன் புள்ள. களைப்பைத்தானே அவன் சுமக்கப் போறான். எப்படியும் படுத்துத்தானே கிடக்கறான். சும்மா படுக்கறதுக்கு ஒரு காரணத்தோட படுக்கட்டும்.”

“ஆஸ்பத்திரியில எனக்காக அவன் இதே மாதிரி ஒண்ணைக் கட்டிக்கிட்டுக் கிடந்தது போதாதா? அப்ப நீங்க கட்டிக்கலையே. ஆபீஸ்ல வருஷக் கடைசின்னீங்க.”

நல்லசிவம் சோற்றைப் பிசைந்தார். வருஷக் கடைசி உண்மைதான். அந்தப் பட்டையைப் பார்த்து அவருக்குப் பயமாக இருந்ததும் உண்மை. இரண்டாவது உண்மையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சிகிச்சை முடிந்ததும் அந்தப் பட்டை கதையும் முடிந்துவிட்டதால், சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.

“நீ என்ன சொல்றே மாப்ள?”

மௌலி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “பரவால்லீங்க மாமா” என்றான்.

“பாத்தியா, அவனே சரிங்கறான்” என்றார் நல்லசிவம்.

“என் தம்பிக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் இந்த வீட்ல நீங்க மட்டும்தான் இருப்பீங்க” என்றாள் மேகலா. அவள் அப்படிச் சொன்னால் அதில் இழுப்பு எதுவும் இருக்காது.

மறுநாள் ஷெர்லி மௌலியின் கையில் பட்டையைக் கட்டிவிட்டு, தன் திரையைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். பட்டையைக் கழற்றி மறுபடியும் கட்டினாள்.

“என்ன சார் இது? இன்னும் ஒண்ணுமே அனுப்பல. அதுக்குள்ள பாதி நிரம்பிக் கிடக்கு. மலை ஏறிட்டு நேரா இங்க வந்தீங்களா?” என்று மௌலியைக் கேட்டாள்.

“சோபாவில இருந்து எந்திரிச்சு வந்திருக்கான்ல. அவனுக்கு அதுவே மலைதான்” என்றார் நல்லசிவம். ஷெர்லி சிரித்தாள். மௌலியும் சிரித்தான்.

முதல் நாளே நல்லசிவத்துக்குச் சிறகு முளைத்துவிட்டது. இரும்புச் சட்டத்தைத் தள்ளினார். அது சொன்னபடி போனது. துடுப்பு இழுத்தார், அலுக்கவில்லை. உடம்பு இருப்பதே தெரியவில்லை. வயது என்பது வெறும் வதந்தி என்று நினைத்துக்கொண்டார். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மௌலியின் சட்டை மட்டும் நனைந்துகொண்டே போனது. அவன் காதிலும் நல்லசிவத்தின் காதிலும் பட்டையின் குரல், செய்தி வாசிப்பவர் மாதிரி, தூய தமிழில் கேட்டது.

“துணைவரே, தங்கள் நிலை எவ்வாறு உள்ளது?”

“பரவால்லீங்க” என்றான் மௌலி. மெஷினுக்கே மரியாதை கொடுக்கிற பையன்.

“நன்று. தொடர்கிறேன்.”

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மௌலி நேரம் போகவில்லை என்று போனை எடுத்தான். யாரோ அனுப்பிய நகைச்சுவைக் காட்சி. பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, “ஐயோ, முடியலடா சாமி” என்றான்.

“துணைவர் முடியவில்லை என்கிறார். நிறுத்துகிறேன்” என்றது குரல்.

தாவலின் உச்சியில் இருந்த நல்லசிவத்தின் மேல் அதுவரை ஓடியது, தள்ளியது, இழுத்தது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. அவர் தரையில் விழுந்த சத்தம் கேட்டு அடுத்த அறையில் யோகா செய்துகொண்டிருந்தவர்கள் கண்ணைத் திறந்தார்கள்.

“இணைப்பு அறுந்தா பாதி உங்களுக்கே திரும்பி வந்துரும் சார். சொல்ல மறந்துட்டேன்” என்றாள் ஷெர்லி, தண்ணீர் தெளித்தபடி. “இது வேற ஊர்ல வச்சுத் தமிழ் கத்துகிட்ட மெஷின். முடியலன்னா முடியலன்னே எடுத்துக்கும். பரவாயில்லைன்னா ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கும்.”

எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் நல்லசிவம் செய்த முதல் காரியம் மௌலிக்கு ஒரு கட்டளை போட்டதுதான். “இத பாரு மாப்ள. இனிமே உன் வாயில அந்த வார்த்தையே வரக் கூடாது. சிரிப்பு வந்தாலும் சரி, என்ன வந்தாலும் சரி. முடியலங்கற வார்த்தையை மறந்துரு.”

“சரிங்க மாமா” என்றான் மௌலி. சொன்னால் சொன்னபடி கேட்கிறவன்.

அடுத்த சில வாரங்களில் நல்லசிவத்தின் நேரம் மடமடவென்று குறைந்தது. கேன்டீனில் இப்போது அவர் வடை சாப்பிட்டார், தங்கராசு கேட்டுக்கொண்டிருந்தார். மௌலி சோபாவிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வருவதும் நின்றுபோய், மேகலா தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. கன்னம் ஒட்டிப்போனது. “என்னடா இப்படி இருக்கறே?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. போட்டி முடியட்டும் என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டினாள்.

போட்டி நாள். அரங்கின் நடுவே பாதை, ஒரு பக்கம் பார்வையாளர் மாடம். இன்னொரு பக்கம் துணைவர்களுக்கான பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்த வரிசையைப் பார்க்க வேண்டுமே. மாமனார்கள், மனைவிமார்கள், கடன் கொடுத்து மாட்டிக்கொண்ட நண்பர்கள். ஓடுகிறவர்களெல்லாம் சிரித்த முகமாகப் புறப்பட, உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேல்மூச்சு வாங்கியது. குளுக்கோஸ் தண்ணீரை ஓடுகிறவர்களுக்கு யாரும் நீட்டவில்லை. நாற்காலி நாற்காலியாகக் கொடுத்துக்கொண்டு போனார்கள். பட்டுச் சட்டை போட்டிருந்த ஒரு மாமனார், கல்யாணச் செலவோடு முடிந்துவிட்டதென்று நினைத்தேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நல்லசிவம் பறந்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேலையையும் முடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும்போது மனதுக்குள் தங்கராசுவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. காதில் குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது.

“துணைவரே, தங்கள் நிலை எவ்வாறு உள்ளது?”

“பரவால்லீங்க.”

“நன்று. தொடர்கிறேன்.”

கடைசி வேலை, பந்து. குந்தி எழுந்து எறிய வேண்டும், பிடித்துக் குந்த வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. இன்னும் கொஞ்சம் பந்துகள்தான். நல்லசிவம் சிரித்துக்கொண்டே எறிந்தார்.

“துணைவரே, தங்கள் நிலை எவ்வாறு உள்ளது?”

பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. பிறகு, “பரவா… ல்லீங்க” என்று வந்தது. நடுவில் ஓர் இழுப்பு. கடைசி எழுத்து தொண்டைக்குள்ளேயே போய்விட்டது.

“நன்று. தொடர்கிறேன்.”

நல்லசிவத்தின் கைக்கு வந்த பந்து நழுவி உருண்டது. இந்த இழுப்பை அவர் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில், ஏழாம் நம்பர் அறையில். ஆபீஸ் முடிந்து நேரம் கழித்துப் போய் நின்று, நேரத்துல வர முடியலை புள்ள, டெண்டர் வேலை என்று அவர் தொடங்குவார். படுத்திருக்கும் மேகலா கண்ணைத் திறந்து இதேபோல இழுத்து, இதேபோலக் கடைசி எழுத்தை விழுங்கிச் சொல்வாள். அதைக் கேட்டதும் அவருக்கு நெஞ்சு லேசாகிவிடும். கேன்டீனில் ஒரு காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார். மெஷினை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நல்லசிவமும் அப்படித்தான் தமிழ் கற்றிருந்தார்.

திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் மௌலி சாய்ந்து கிடந்தான். உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. முடியவில்லை என்ற ஒரு வார்த்தையை அவனிடமிருந்து தான்தான் பிடுங்கிக்கொண்டோம் என்பது நல்லசிவத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

“நிறுத்து” என்றார்.

“துணைவர் சம்மதம் தெரிவித்துள்ளார். தாங்கள் தொடரலாம்.”

“அவனுக்கு முடியல. நிறுத்துன்னு சொல்றேன்.”

“துணைவர் அவ்வாறு கூறவில்லை.”

போட்டியின் நடுவில் பட்டையைக் கழற்றினால் ஆட்டம் அதோடு சரி. நல்லசிவம் கழற்றவில்லை, பிய்த்து எறிந்தார். பாதி திரும்பி வந்தது. பாதிதான், ஆனாலும் முழங்கால் இரண்டும் தாம் அவருக்குச் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டன. அவர் கைகளை ஊன்றித் தவழ்ந்து, பாதையைத் தாண்டி, நாற்காலி வரிசைக்குப் போனார். பார்வையாளர்களில் சிலர் இதுவும் ஒரு வேலை போலிருக்கிறது என்று கைதட்டினார்கள்.

ஷெர்லி முன்பே ஓடி வந்து மௌலியைத் தரையில் படுக்க வைத்திருந்தாள். நாடி பார்த்தாள். காற்று படட்டும் என்று ஷூவைக் கழற்றினாள், சாக்ஸை உருவினாள். இடது கணுக்காலில் ஒரு பட்டை இருந்தது. கறுப்பு இல்லை, பழுப்பேறிப்போன வெள்ளை.

“இது பழைய ஆஸ்பத்திரி மாடலாச்சே” என்றாள் ஷெர்லி. “அதுதான் முதல் நாளே பாதி நிரம்பிக் கிடந்துச்சு.”

நல்லசிவம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது யாருக்கு மாப்ள?”

மௌலி கண்ணைத் திறக்கவில்லை. “தெரியாத மாதிரி கேக்கறீங்க.”

“அதைத்தான் அப்பவே திருப்பிக் குடுத்தாச்சே.”

“தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேனுங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். “ஒரு நாள் கழட்டிப் பாத்தேன் மாமா. நோய் போயிருச்சு, களைப்பு போகலைங்க. சிலபேருக்கு வருஷக்கணக்கா இருக்குமாம். அக்கா சட்னிக்கு ரெண்டு வெங்காயம் உரிக்க உக்காந்துச்சு. ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்துச்சு. என்னக்கான்னேன். பரவால்லடான்னுச்சு. எங்கக்கா பரவால்லைன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதுங்களா? மறுபடியும் மாட்டிக்கிட்டேன்.”

“அவளுக்கு இது தெரியுமா?”

“தெரிஞ்சா விடுமா? அது தானாவே எந்திரிச்சு வந்துட்டதா நெனைச்சுட்டு இருக்குது. நெனைச்சுக்கட்டுமே.”

மேகலாவின் கழுத்துக்குப் பின்னால், தோலுக்கடியில், கடுகளவு ஒன்றைச் சிகிச்சையின்போது வைத்திருந்தார்கள். மறுமுனையில் யாரும் பட்டை கட்டாவிட்டால் அது வெறும் கடுகு, விட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தார் டாக்டர். மேகலாவின் மனவலிமையைப் பற்றி நல்லசிவம் ஆபீஸ் விழாவில் ஒரு தடவை அரை மணி நேரம் பேசியிருக்கிறார். மௌலிக் குட்டைக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு முன் எதற்கும் அவர் அப்படி வெட்கப்பட்டதில்லை.

“கழட்டுடா அதை” என்று கை நீட்டினார்.

மௌலி கண்ணைத் திறந்தான். “இப்ப வேண்டாமுங்க மாமா. அங்க பாருங்க.”

மாடத்துப் படிக்கட்டில் மேகலா வந்துகொண்டிருந்தாள். இரண்டிரண்டு படியாகத் தாவி, எதிரே வந்தவர்களை விலக்கிக்கொண்டு, முழு வேகத்தில். நல்லசிவம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சாக்ஸை எடுத்து, மச்சினன் காலில் தானே மாட்டிவிட்டார்.

மேகலா வந்தாள். தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கணவரைத் திட்டினாள். பட்டுச் சட்டை மாமனார் உட்பட அங்கிருந்த எல்லோரும் கேட்கும்படியாக, நிறுத்தாமல், மூச்சிரைக்காமல் திட்டினாள். இவ்வளவு தெம்பாகத் திட்டுகிறாளே என்று நல்லசிவத்துக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்து, போட்டி போன துக்கம் என்று நினைத்து, அவள் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திட்டிவிட்டுக் காரை எடுத்துவரப் போனாள்.

“அவ கார்ல ஏறி உக்காந்ததும் சொல்லும்மா” என்றார் நல்லசிவம் ஷெர்லியிடம்.

ஷெர்லிக்குப் புரிந்தது. “சார், இது பழைய மாடல். யார் கட்டினாலும் ஏத்துக்கும். எப்படி இருக்கீங்கன்னு கேக்கவே கேக்காது.”

“நானும்தான் கேட்டதில்ல” என்றபடி அவர் தன் ஷூவை அவிழ்த்தார்.

மௌலி வேண்டாமென்று தலையாட்டினான். எழுந்து தடுக்க அவனுக்குத் தெம்பில்லை. மேகலா காரில் ஏறிவிட்டதாக ஷெர்லி வாசலிலிருந்து சொன்னதும், வெள்ளைப் பட்டை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறியது. மேகலாவுக்கு ஒரு நொடி கண் இருட்டியிருக்கலாம். வெயில் என்று நினைத்திருப்பாள்.

ஓடிய களைப்பு நல்லசிவத்துக்குப் பழக்கமானது. மூச்சு வாங்கும், வலிக்கும், உட்கார்ந்தால் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. நனைந்த கம்பளியை மேலே போர்த்திவிட்டு, அதோடு நட என்று சொன்னதுபோல இருந்தது. நடந்து கார் வரை போவதற்கே யோசனையாக இருந்தது. இதோடுதான் அவள் அந்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளா என்று நினைத்தார். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தார். பயிற்சிக் கூடத்தில், மணல் மூட்டையோடு.

மௌலி நான்கு நாள் தூங்கினான். ஐந்தாம் நாள் எழுந்து முகச்சவரம் செய்துகொண்டு, பசிக்கிறது என்றான். மாதம் திரும்புவதற்குள் திருப்பூரில் பழைய வேலையே கிடைத்து, காலை ரயிலில் போய் வர ஆரம்பித்தான். “நான் சொல்லல, என் தம்பி சோம்பேறி இல்லைன்னு?” என்று மேகலா தெருவெல்லாம் சொன்னாள். நல்லசிவம் மறுக்கவில்லை. பட்டையைத் திருப்பித் தரச் சொல்லி மௌலி அவரைத் தனியாகப் பிடித்து இரண்டு மூன்று தடவை மல்லுக்கட்டினான். “உன் முறை முடிஞ்சுது மாப்ள” என்பார் அவர்.

பயிற்சிக் கூடத்துக்கு அவர் போவதை நிறுத்தவில்லை. திடீரென்று நிறுத்தினால் மேகலா ஏனென்று கேட்பாள். அடுத்த எட்டுக்கட்டில், துணையில்லாத சாதாரணப் பிரிவில், கூட்டிப் பெருக்குகிறவர்கள் வந்த பிறகு ஓடி முடித்தார். மௌலியும் ஓடினான், எப்போதோ முடித்துவிட்டு, மாமாவுக்காகப் பழரசத்தோடு காத்திருந்தான். தங்கராசு வந்து, வயதாகிறது இல்லையா என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஷெர்லி மட்டும் பக்கத்தில் வந்து, “ரெண்டு பேர் களைப்போட ஒருத்தர் ஓடுற பிரிவுன்னு ஒண்ணு இருந்தா, நீங்கதான் சார் முதல்” என்றாள். நல்லசிவத்துக்கு அது போதுமானதாக இருந்தது. சிலிண்டரை இப்போது அவர்தான் உருட்டுகிறார். இடுப்புப் பிடிப்பு அப்படியேதான் இருக்கிறது.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்லசிவம் சோபாவில் கிடந்தார். மௌலிக் குட்டை அவருக்கும் அளவாக இருந்தது. மேகலா மோர் கொண்டுவந்து வைத்தாள்.

“ஏனுங்க, கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கறீங்க. உடம்பு எப்படி இருக்குது?”

“பரவா… ல்ல” என்றார் நல்லசிவம். நடுவில் ஓர் இழுப்பு. கடைசி எழுத்து தொண்டைக்குள் போய்விட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

மேகலா கவனித்தாள். அவள் பிறந்த வீட்டில் சொல்கிற விதம் அது. அவளே அப்படிச் சொன்னவள். மோர் டம்ளரில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். மின்விசிறி அனலாக வீசிக்கொண்டிருந்தது. சோபாவின் விளிம்பில் நீட்டியிருந்த கணவரின் பாதங்களைப் பார்த்தாள். இரண்டிலும் சாக்ஸ்.

மௌலி திருப்பூர் ரயிலைப் பிடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவன் வீட்டில் வெறுங்காலோடு நடமாடுவது அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கை தானாகக் கழுத்துக்குப் பின்னால் போய் ஓரிடத்தைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அவள் மெதுவாக அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

“எந்தக் கால்?” என்றாள்.

நல்லசிவம் இடது காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார்.